நீலத்தண்டனின் நிலை

ஜூன் 6

மழை வந்துவிட்டது. நீலத்தண்டன் இன்னும் வரவில்லை.

நேற்றுச் சாயங்காலம் வட்டப்பாறை எஸ்டேட்டுக்கு வந்து சேர்ந்தேன். டிஸ்பென்சரியை ஒட்டிய பின்னறை இந்த வருஷமும் எனக்குத்தான். நர்ஸ் ஜெசிந்தா அறையைக் கூட்டி, துணி காயப்போடக் கொடி கட்டி, கட்டிலின் கால்மாட்டில் ஒரு பிளாஸ்டிக் வாளியும் வைத்திருந்தாள். வாளி எதற்கென்று ராத்திரி மழையில் புரிந்தது.

நுண்ணோக்கியைத் திறந்தால் லென்ஸில் பூஞ்சணம். கோடை முழுக்கக் கல்லூரி அலமாரியில் மூடிக் கிடந்ததன் பலன். காளான் ஆராய்ச்சிக்காரியின் கருவியிலேயே பூஞ்சணம் என்றால் துறையில் எல்லோருக்கும் சிரிப்பாக இருக்கும். எனக்கு அழுகைதான் வந்தது. காலை முழுவதும் பஞ்சும் கையுமாக உட்கார்ந்திருந்தேன்.

இந்த மழைக்காலத்துக்குள் முடிக்க வேண்டிய வேலை ஒன்றுதான். சில வருஷங்களுக்கு முன் இங்கே குதிரைமேட்டுச் சோலையில், விழுந்து மக்கிய காட்டுநாவல் மரத்தில் ஒரு காளானைக் கண்டெடுத்துப் பெயர் வைத்தேன். சாம்பல் நிறத் தொப்பி, கருநீலத் தண்டு, நகம் பட்டால் சிவந்துவிடும். அறிவியல் பெயர் நாக்கில் நிற்காது. நீலத்தண்டன் என்றே சொல்லிப் பழகிவிட்டேன். இது வேறெங்கும் வளரவில்லை என்று நான் காட்டினால் உலகப் பட்டியலில் 'மிக அருகிய இனம்' என்று சேர்ப்பார்கள். நான்கு தடவை விண்ணப்பித்து நான்கு தடவையும் கேள்விகளோடு திரும்பி வந்தது.

ஜூன் 9

ரேஞ்சர் அன்வர்தீனைப் பார்த்தேன். புதுச் சாலை விஷயம் உண்மைதான். எஸ்டேட்டிலிருந்து அடிவாரத்துக்கு இப்போது ஜீப் மட்டும் போகிற கல்பாதை இருக்கிறது. மலையைச் சுற்றிச் சுற்றி இறங்கும். புதிதாக வரப்போகும் தார்ச்சாலை குதிரைமேட்டுச் சோலையை நடுவில் வகிர்ந்துகொண்டு நேராக இறங்குமாம். கல் நட்டாயிற்று.

"மேடம், யானைத் தடம் ஒண்ணு காட்டுங்க, நான் இன்னிக்கே எழுதுறேன். சிங்கவால் குரங்கு காட்டுங்க, எழுதுறேன். காளானுக்கு எங்க பாரத்துல கட்டமே கெடையாது."

"தாவரம்னு இருக்குற கட்டத்துல போடுங்க சார்."

"போன வருஷம் நீங்கதான எஸ்டேட் ஸ்கூல்ல காளான் தாவரமே இல்லன்னு மணிக்கணக்கா பேசுனீங்க? நானும் பின்னாடி உக்காந்திருந்தேனே."

கோபத்தில் எழுந்துவிட்டேன். அவர்தான் கூப்பிட்டு உட்காரவைத்து, டீ வரவழைத்து, ஒரு வழி சொன்னார். சாலைக்குக் கடன் தருவது ஒரு வெளிநாட்டு வங்கி. 'மிக அருகிய இனம்' எது இருந்தாலும், அது பூச்சியோ காளானோ, அந்த வழியை மாற்றச் சொல்வார்களாம். மற்ற நிலைகளுக்கெல்லாம் அசைய மாட்டார்கள்.

ஆக, எல்லாம் அந்த 'மிக' என்ற இரண்டெழுத்தில் நிற்கிறது.

ஜூன் 11

காலெல்லாம் ரத்தம் குடிக்கும் அட்டைகள். வேறொன்றும் இல்லை.

ஜூன் 19

வந்துவிட்டான்! மேற்குச் சரிவில், போன வருஷம் பார்த்த அதே மரத்தில், இலைச் சருகை விலக்கியதும் ஒரு கொத்து. முட்டி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். படம் எடுக்கவே மறந்துபோனது.

வெளியே வந்தபோது சோலையின் வாசலில் அளவுக்கல் நின்றது. சுண்ணாம்பு புதிதாக அடித்திருந்தார்கள்.

ஜூன் 20

ஈரச் சட்டைகளை அடுப்புக்கு மேலே கட்டிக்கொண்டிருந்தபோது ஜெசிந்தா டீயோடு வந்தாள். நாற்பதைத் தாண்டியவள். என்னைவிட இரண்டு வயது சிறியவளாக இருக்கலாம். சுற்றியுள்ள தேயிலைத் தொழிலாளர் லயன் வீடுகளுக்கெல்லாம் டாக்டர், மருத்துவச்சி, பஞ்சாயத்துத் தலைவி எல்லாம் அவள்தான்.

"டீச்சர், சோலைக்குள்ள ரோடு வரக் கூடாதுன்னு நீங்க எழுதுறீங்கன்னு பேசிக்கிறாங்க."

"ரோடு வரக் கூடாதுன்னு எழுதல ஜெசிந்தா. காளான் இருக்குன்னு எழுதுறேன்."

"ரெண்டும் ஒண்ணுதான?"

நான் இன்னொரு சட்டையை எடுத்துப் பிழிந்தேன். அவள் கதவுநிலையில் சாய்ந்துகொண்டாள்.

"போன ஐப்பசியில ஜீப்புல கொண்டுபோற வழியிலயே ஒருத்திக்குப் பிள்ள பொறந்துச்சு. டார்ச்ச வாயில கடிச்சிக்கிட்டு நான்தான் கொடிய அறுத்தேன். அந்தப் பிள்ள பொழைச்சிச்சு. அதுக்கு முந்தி வருஷம் ஒண்ணு பொழைக்கல. உங்க காளான் நல்லதா கெட்டதான்னு எனக்குத் தெரியாது. ரோடு நல்லது. அது தெரியும்."

கல்பாதையையே அகலப்படுத்தலாமே என்றேன். பாறையை உடைக்க வேண்டும், காசில்லை என்று எப்போதோ சொல்லிவிட்டார்களாம். எனக்கும் அது தெரியும். தெரிந்துதான் கேட்டேன்.

ஜூலை 4

சிக்னல் கிடைக்கும் மேட்டில் குடையைப் பிடித்துக்கொண்டு உமாபதியோடு பேசினேன். உலகப் பட்டியலின் மதிப்பீட்டுக் குழுவில் தென்னிந்தியக் காளான்களைப் பார்ப்பவர் அவர். என்னோடு ஒரே வருஷத்தில் ஆராய்ச்சிப் பட்டம் வாங்கியவர். அவர் பேராசிரியராகி வெகுகாலம் ஆகிவிட்டது. நான் இன்னும் இணைப் பேராசிரியர். அது இங்கே தேவையில்லாத விஷயம்.

"தமயந்தி, வேற எங்கெங்க தேடுனீங்க?"

சோலைகளின் பெயர்களை வரிசையாகச் சொன்னேன்.

"முகட்டுக்கு அந்தப் பக்கம்?"

"அது நரிப்பள்ளம். செங்குத்து. காட்டுநாவலும் கம்மி."

"கம்மின்னு போய்ப் பாத்துச் சொல்றீங்களா, வரைபடத்தைப் பாத்துச் சொல்றீங்களா?"

குடை திரும்பிக்கொண்டது. மழைச் சத்தத்தில் கேட்கவில்லை என்றேன்.

"போய்ப் பாருங்க. தேடாத இடத்துல இல்லன்னு நான் எப்படிக் கையெழுத்துப் போடுறது?"

எல்லாவற்றுக்கும் ஒரு கேள்வி வைத்திருக்கிறார். யானைக்காரர்களிடம் யாராவது இப்படிக் கேட்பார்களா? அவர்கள் படம் காட்டினால் போதும், உலகமே கண்ணீர் விடும். என்னுடையது வருஷத்தில் சில வாரங்கள் தலைகாட்டிவிட்டு மரத்துக்குள் போய்விடும். இல்லாதபோதும் இருக்கிறது என்று நான்தான் எல்லோருக்கும் மூச்சுவாங்கச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஜூலை 8

நரிப்பள்ளம் போகலாம் என்று கிளம்பினேன். முட்டி வலி. நாளை.

ஜூலை 12

மழை பலமாக இருக்கிறது. சரிவு வழுக்கும்.

ஜூலை 21

பயங்கரமான நாள். வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது முன்பக்கம் சத்தம். கொழுந்து பறிக்கிற முத்துப்பேச்சியைத் தோளில் தாங்கிக்கொண்டு வந்தார்கள். விடியும்போது தொடங்கிய வாந்தியும் பேதியும் நிற்கவே இல்லையாம். நேற்று ராத்திரி காளான் ஆக்கித் தின்றிருக்கிறாள். புருஷன் சௌரிமுத்துவுக்குப் பல்வலி, அவன் தொடவில்லை.

"டீச்சர், வாங்க! இது உங்க ஏரியா!" என்று ஜெசிந்தா கத்தினாள்.

சட்டியையும் மிச்சம் இருந்த கூடையையும் சௌரிமுத்து கொண்டுவந்திருந்தான். சட்டியின் அடியில் ஒட்டியிருந்த துண்டுகளில் வெள்ளைத் தொப்பியும் தண்டின் அடியில் பை போன்ற உறையும் தெரிந்தன. தின்றவுடன் வாந்தி வந்தால் பெரும்பாலும் பயமில்லை. ராத்திரி தின்று விடியலில் பிடித்திருக்கிறது. அது ஈரலைத் தின்கிற வகை.

"வாந்தி நின்னாலும் நம்பாதீங்க. நடுவுல சரியான மாதிரி இருக்கும், அப்புறம் விழுந்துடுவா. உடனே தேனிக்குக் கொண்டுபோகணும்" என்றேன். என்ன காளான் என்று பெரிய எழுத்தில் எழுதி ஜெசிந்தாவின் கையில் கொடுத்தேன், டாக்டரிடம் காட்டுவதற்கு. ஜெசிந்தா குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டிருந்தாள். ஜீப்புக்கு ஆள் ஓடியது.

அப்போதுதான் கூடையைப் பார்த்தேன். ஆக்காமல் ஒதுக்கிப் போட்ட சில காளான்கள். நீலமாக இருந்ததால் விஷம் என்று பயந்து ஒதுக்கியிருக்கிறாள்.

"இது எங்க பறிச்சது?" என்று சௌரிமுத்துவிடம் கேட்டேன்.

"நரிப்பள்ளத்துலங்க மேடம். முகட்டுக்கு அந்தாண்ட."

"இந்த நீலமும் அங்கதானா? குதிரைமேட்டுல இல்லயே? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"அவ பொழைப்பாளான்னு கேளுங்க டீச்சர்," என்றாள் ஜெசிந்தா. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பதற்றத்தில் இருந்தாள், பாவம்.

ஜீப் கல்பாதையில் ஆடி ஆடி இறங்குவது வெகுநேரம் தெரிந்துகொண்டே இருந்தது.

ஜூலை 24

நரிப்பள்ளம் போய் வந்தேன். சில இருந்தன. தொப்பி கொஞ்சம் வெளிறியது போல் பட்டது. நகம் வைத்தேன், சிவந்தது. சிவக்கிற காளான்கள் எவ்வளவோ உண்டு. வித்துகளை நுண்ணோக்கியில் பார்க்காமல் எதையும் சொல்வது விஞ்ஞானம் ஆகாது.

ஜூலை 25

லென்ஸ் சரியில்லை. மறுபடியும் துடைக்க வேண்டும்.

ஜூலை 27

துவைத்தேன். அரிசியில் வண்டு, புடைத்தேன். நரிப்பள்ளத்து மாதிரி அழுகத் தொடங்கிவிட்டது. இனி அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

ஜூலை 30

அறிக்கையை அனுப்பிவிட்டேன். 'உறுதி செய்யப்பட்ட ஒரே வாழிடம்: குதிரைமேட்டுச் சோலை. நரிப்பள்ளத்தில் தேடப்பட்டது, உறுதியான பதிவு இல்லை.'

திரும்பத் திரும்பப் படித்தேன். இதில் பொய்யான சொல் ஒன்றுகூட இல்லை.

ஆகஸ்ட் 9

முத்துப்பேச்சி திரும்பி வந்துவிட்டாள். கண் மஞ்சள் இன்னும் போகவில்லை. பாதிதான் இருக்கிறாள். இந்த வருஷம் கூடை தூக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். பேர் எழுதிக் கொடுத்ததால்தான் தாமதிக்காமல் வைத்தியம் தொடங்கினார்கள் என்று டாக்டர் சொன்னாராம். சௌரிமுத்து ஒரு சீப்பு மலைவாழைப்பழம் கொண்டுவந்து கொடுத்தான். வேண்டாம் என்றேன். வைத்துவிட்டுப் போய்விட்டான்.

பழம் அப்படியே இருக்கிறது.

செப்டம்பர் 15

உமாபதி கூப்பிட்டார். ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். மிக அருகிய இனம்.

"வாழ்த்துகள் தமயந்தி. நரிப்பள்ளம் போய்ப் பாத்துட்டீங்கள்ல, அது போதும் எனக்கு."

விடுப்பு கேட்டபோதெல்லாம் முகத்தைச் சுளித்த முதல்வர், கல்லூரிப் பலகையில் என் படத்தோடு ஒட்டியிருக்கிறாராம். ரேஞ்சர் லட்டு அனுப்பினார். நான் ஜெசிந்தாவுக்கு ஒன்று எடுத்துக்கொண்டு போனேன். "சுகர் டீச்சர்" என்றாள். அவளுக்குச் சர்க்கரை வியாதி இருப்பது எனக்குத் தெரியாது. இருக்கிறதா என்றும் தெரியவில்லை.

இப்போதெல்லாம் டீ நானே போட்டுக்கொள்கிறேன்.

அக்டோபர் 12

ரேஞ்சர் ஆபீஸுக்கு வரச் சொன்னார். முகமெல்லாம் சிரிப்பு.

"ஜெயிச்சிட்டீங்க மேடம். குதிரைமேட்டுல ஒரு கிளையைக்கூட ஒடைக்க மாட்டாங்க. பேங்க்காரங்க எழுத்துல குடுத்துட்டாங்க."

"அப்ப ரோடு?"

"ரோடும் வருது. லயன் ஆளுங்களும் இனி உங்க மேல கோவப்பட மாட்டாங்க." மேஜைமேல் வரைபடத்தை விரித்தார். சிவப்புக் கோடு முகட்டைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கியிருந்தது. "நரிப்பள்ளம் வழியா. கொஞ்சம் நீளம்தான், ஆனா பாறை இல்ல. அங்கதான் ஒண்ணுமில்லன்னு உங்க அறிக்கையே சொல்லுதே!"

அவர் ஏதேதோ பேசிக்கொண்டிருந்தார். வரைபடத்தைப் பார்க்கிற சாக்கில் குனிந்தே இருந்தேன்.

அக்டோபர் 13

தலைவலி. எழுதவில்லை.

அக்டோபர் 15

நரிப்பள்ளம் போனேன். வழுக்கியது, முட்டி வலித்தது, போக முடிந்தது.

ஜூலையில் இந்த நாட்குறிப்பில் 'சில இருந்தன' என்று எழுதியிருக்கிறேன். அன்றைக்கு நான் பார்த்தது அது அல்ல. விழுந்த மரம் எல்லாவற்றிலும் இருந்தன. நின்ற மரத்தின் செத்த கிளையிலும் இருந்தன. குதிரைமேட்டில் ஒரு பருவம் முழுக்கத் தேடினாலும் பார்க்க முடியாததை அங்கே ஒரே மரத்தில் பார்த்தேன். எண்ணத் தொடங்கி, பாதியில் நிறுத்தி, முகட்டில் ஏறித் திரும்பிப் பார்க்காமல் வந்தேன். மாதிரி தானாக அழுகவும் இல்லை. நான்தான் உலர்த்தாமல் ஈரத் துணியில் சுற்றி வைத்தேன்.

இப்போது பருவம் முடிந்துவிட்டது. காய்ந்து சுருங்கியவைதான் மிச்சம். ஆனாலும் நீலம் போகவில்லை. பள்ளத்தின் நடுவே புதிய அளவுக்கற்கள் இறங்கிக்கொண்டிருந்தன. கல் நடுகிற ஆள் என்னைப் பார்த்து, "வழுக்கும்மா, பாத்து" என்றான்.

ஒரு சோலையைக் காப்பாற்றத்தான் செய்தேன் என்று இத்தனை நாளும் சொல்லிக்கொண்டேன். காப்பாற்ற நினைத்தது சோலையை மட்டும்தானா என்று கல்லூரிப் பலகையில் ஒட்டிய படத்தைக் கேட்டால் தெரியும்.

அக்டோபர் 16

உமாபதியைக் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"ஜூலையில."

அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"நான் உங்களை நம்பிக் கையெழுத்துப் போட்டேன் தமயந்தி," என்றார். "எழுத்துல அனுப்புங்க. நிலையைத் திரும்ப எடுத்துக்க வேண்டியிருக்கும். உங்க பேரு இனி எந்த மதிப்பீட்டுலயும் தனியா வராது. தெரியும்ல?"

தெரியும் என்றேன்.

நவம்பர் 20

எஸ்டேட்டில் ஆள்கணக்கு எடுக்கும் மஸ்டர் கொட்டகையில் சாலை பற்றி மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம். லயன் ஜனங்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். ஆளுக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட் கொடுத்தார்கள். என் முறை வந்தபோது மைக் கரகரத்தது. மைக் இல்லாமலே பேசினேன்.

நரிப்பள்ளத்தில் நீலத்தண்டன் இருக்கிறது. குதிரைமேட்டில் இருப்பதைவிட மிக அதிகம். இரண்டில் ஒன்றுதான் பிழைக்கும் என்றால் நரிப்பள்ளம் பிழைக்க வேண்டும். இது எனக்கு ஜூலையிலேயே தெரியும்.

சாலை இஞ்சினியர் எழுந்தார். இளைஞர். கண்ணியமானவர்தான்.

"அப்போ மேடம், முதல் அறிக்கை பொய்யா?"

'உறுதியான பதிவு இல்லை' என்ற வரி நாக்கின் நுனிவரை வந்தது.

"ஆமா. பொய்."

பின்வரிசையிலிருந்து ஒருவர், "அப்ப ரோடு வருமா வராதா? அத மட்டும் சொல்லுங்க!" என்று கத்தினார். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். ரேஞ்சர் என் பக்கம் பார்க்கவே இல்லை. வரைபடம் முதலில் இருந்த இடத்துக்கே திரும்பும், ஆனால் எல்லா ஒப்புதலும் புதிதாக வாங்க வேண்டும், இந்த வருஷ வேலைக்காலம் போய்விட்டது என்று இஞ்சினியர் விளக்கினார்.

கூட்டம் கலைந்தபின் ஜெசிந்தா என் பக்கத்தில் வந்து நின்றாள். திட்டுவாள் என்று தயாராக இருந்தேன்.

"அன்னிக்குக் கூடையப் பாத்தப்பவே சொல்லியிருந்தீங்கன்னா, இந்நேரம் வேலை ஆரம்பிச்சிருப்பாங்க டீச்சர்."

குரலில் கோபம்கூட இல்லை. கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

நவம்பர் 28

முதல்வர் கூப்பிட்டார். படத்தை எடுத்துவிட்டார்களாம். விளக்கம் கேட்டு ஓலை வருமாம். "ஏன் மேடம் நீங்களாப் போய்..." என்று தொடங்கி அவரே நிறுத்திக்கொண்டார்.

பிப்ரவரி 18

ஒப்புதல் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் வந்துவிட்டது. குதிரைமேட்டில் மரம் வெட்டத் தொடங்கினார்கள். வார விடுமுறையில் பஸ் பிடித்து வந்தேன். யாரும் என்னை வரச் சொல்லவில்லை.

ரேஞ்சர் பேசினார். மூன்று மாதத்துக்குப் பிறகு. "அகலத்தக் கொறைக்கச் சொல்லி நான் எழுதிப் போட்டேன் மேடம். கொஞ்சம் கொறச்சிருக்காங்க" என்றார். நன்றி சொன்னேன். மேற்குச் சரிவில் நான் முதன்முதலில் கண்டெடுத்த மரம் இருந்த இடத்தில் பொக்லைன் நின்றது. ஓட்டுநர் அதன் நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

திட்டுவதற்கு ஒரு ஆள் கிடைத்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஜூன் 14

இந்த வருஷம் பின்னறை கிடைக்காது என்றுதான் நினைத்திருந்தேன். "யாரு வந்து இங்க தங்கப் போறா, ஒழுகுற ரூமுக்கு" என்று சாவியைக் கொடுத்தாள் ஜெசிந்தா.

மத்தியானம் உமாபதியின் கடிதம் கிடைத்தது. குழுவின் முடிவு ஒற்றை வரி: நீலத்தண்டனின் நிலை, தரவு போதாது. கீழே அவர் கையாலேயே எழுதியிருந்தார்: முகட்டைத் தாண்டி இன்னும் தெற்கே இருக்கும் சோலைகளை யாராவது பார்க்க வேண்டும், நீங்கள் போவதானால் துணைக்கு ஓர் ஆராய்ச்சியாளரை அனுப்புகிறேன், இருவர் பெயரிலும் என்றால் பதிவை ஏற்றுக்கொள்வார்கள்.

முதலில் எரிச்சல்தான் வந்தது. இத்தனை வருஷம், இத்தனை மழை, ஒரு சோலை, கடைசியில் பட்டியலில் இப்படி ஒரு சொல். குழு எழுதியதை மறுத்துப் பதில் எழுத வழக்கம்போலப் பேனாவை எடுத்தேன். நிதானமாகப் படித்துப் பார்த்தேன். திருத்த எனக்கு ஒன்றுமில்லை.

ஜெசிந்தா இரண்டு டம்ளரோடு வந்து ஒன்றை என் பக்கம் தள்ளினாள். இன்னொன்றில் சர்க்கரை போட்டுக் கலக்கினாள்.

"என்ன போட்டிருக்காங்க டீச்சர்?"

"தரவு போதாதுன்னு."

"அப்படின்னா?"

"தெரியாதுன்னு அர்த்தம்."

"இத எழுதவா இவ்வளவு பாடு?"

"ஆமா," என்றேன்.